மூன்றாவது கையெழுத்து

மார்ச் 5, புதன்

நேற்று டயாலிசிஸ் நடுவிலேயே என் வீட்டுக்காரி தவமணிக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆடியது. அவளுக்கு மட்டுமில்லை, அந்த அறையில் படுத்திருந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு. ஒரு ட்ரஸ்ட் நடத்துகிற டயாலிசிஸ் சென்டர் அது; அங்கே இருந்த டாக்டர் மெஷின்களை நிறுத்தினார். மெஷினுக்குப் போகிற திரவம் இருந்த வெள்ளைக் கேன்களைத் தனியே ஒதுக்கிவிட்டு, எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டார்.

எங்கள் ஆபீஸ் என்றால் மருத்துவப் பொருள் தர ஆணையம், மதுரை மண்டலம். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஊசி, குழாய், திரவம் எதில் சந்தேகம் என்றாலும் மாதிரி எடுத்துச் சோதிக்கிற இடம். சோதிப்பது மாடியில் இருக்கும் ஆய்வுக்கூடம். நான் கீழே கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். மாடியில் கேட்கிற பொருளை விதிப்படி வாங்கிக் கொடுப்பவன். முப்பத்தோரு வருட சர்வீஸ். இன்னும் பதினொரு மாதத்தில் ஓய்வு.

இன்று காலை எங்கள் இன்ஸ்பெக்டர் சென்டருக்குப் போய் மாதிரி எடுத்து, மிச்சக் கேன்களுக்குச் சீல் வைத்துவிட்டு வந்தார். அந்த பேட்ச் முழுவதற்கும் நாற்பத்தைந்து நாள் தடை. அதற்குள் 'தரமற்றது' என்று அறிக்கை போனால் மொத்தத்தையும் அழிக்கலாம். அறிக்கை போகாவிட்டால் தடை தானாக நீங்கிவிடும்.

பதினொரு மணிக்கு ஹெப்சிபா மேடம் இறங்கி வந்தார். மாடியில் மூத்த ஆய்வாளர். சுறுசுறுப்பான பெண், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"சார், கேன்ல கிருமி விஷம் இருக்கான்னு பாக்கணும். அதுக்கான கிட் டிசம்பரோட காலாவதி ஆயிருச்சு. நவம்பர்லயே எழுதிக் குடுத்துட்டேன்."

"ஃபைல் நடந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு."

"எங்க சார் நடக்குது? ஒரே ஆள்தான் டெண்டர் போட்டான்னு ரத்து பண்ணி வச்சிருக்கீங்க."

"ஒரே ஆள் வந்தா ரத்துதான். அந்த விதிய நானா எழுதுனேன்?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரி அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என்று நான் சொல்லவில்லை. அவளுக்குச் சிறுநீரகம் போனது ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் இரக்கப்படுவார்கள். இரக்கப்பட்டவன் மறுநாளே ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு சலுகை கேட்டு வருவான்.

மார்ச் 7, வெள்ளி

வேறு கம்பெனி கேன். நடுக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி தயிர்சோறு சாப்பிட்டாள்.

மார்ச் 12, புதன்

இரண்டாவது முறை கேட்டதற்கு மூன்று கொட்டேஷன் வந்தன. எங்கள் மாதிரி ஆபீஸ்களில் ஒரு பழக்கம் உண்டு. சப்ளை பண்ணப்போகிறவனே தெரிந்த இரண்டு கடை லெட்டர்பேடில் விலையைக் கூட்டிப் போட்டு, துணைக்கு இரண்டு கொட்டேஷன் கொண்டுவந்து வைத்துவிடுவான். மூன்று ஆச்சா, ஆச்சு. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். நான் போடமாட்டேன். இன்று இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரே போன் நம்பர் இருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

துணை இயக்குநர் கூப்பிட்டு முதுகில் தட்டினார். "சோலையப்பன், உங்களத் தாண்டி ஒரு ஈ உள்ள வர முடியாதுய்யா" என்றார். சந்தோஷமாக இருந்தது. இருக்காதா பின்னே?

ஹெப்சிபா மேடம்தான் படியிலேயே நின்று கத்தினார். "இந்தியாவுலயே அதை விக்கிறது ரெண்டு கம்பெனிதான் சார். மூணாவதுக்கு நான் எங்க போவேன்?"

"அதை எழுத்துல குடுங்க, மேல அனுப்பி வைக்கிறேன்" என்றேன். குடுத்தார். அனுப்பி வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

மாதிரியைச் சென்னைத் தலைமை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று மாடியிலிருந்து கேட்டிருந்தார்கள். பதில் வந்துவிட்டது. அங்கேயும் கிட் இல்லையாம். மதுரை வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சிலிண்டர் புக் பண்ணினேன். தவமணிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். பாட்டிலில் அளந்து வைத்துவிட்டு வந்தால், சாயங்காலம் அதிலும் கால்வாசி மிச்சம் வைத்துக் காட்டுகிறாள். "பாருங்க, நான் எம்புட்டு நல்ல பிள்ளன்னு" என்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளேதான் எனக்குப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள் இந்த மூன்று வருடத்தில்.

மார்ச் 28, வெள்ளி

ஆர்டர் கையெழுத்தானது. இரண்டே கம்பெனிதான் உண்டு என்பதைத் தலைமையகம் ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் பிடித்தது. ஐதராபாத்திலிருந்து வரவேண்டும். பதினைந்து நாள் ஆகும் என்கிறான் கம்பெனிக்காரன். தடை முடிவது ஏப்ரல் 19. நேரம் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பெட்டி வந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணி. தெர்மாகோல் பெட்டி, மேலே 'குளிரில் வைக்கவும்' என்று நான்கு பக்கமும் ஸ்டிக்கர்.

வந்த பொருளை மூன்று பேர் கொண்ட சரிபார்ப்புக் குழு சேர்ந்து நின்று பிரித்து, எண்ணி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதிவேட்டில் ஏறும். ஏறிய பிறகுதான் ஸ்டோர் கதவைத் தாண்டும். குழுவில் நான், ஹெப்சிபா மேடம், நிர்வாகப் பிரிவு அரங்கசாமி. அரங்கசாமி இன்று லீவு. நேற்று மகாவீர் ஜெயந்தி, நாளை சனி, பிறகு ஞாயிறு, திங்கள் வருடப்பிறப்பு. நடுவில் ஒரே ஒரு நாள் லீவு போட்டால் ஐந்து நாள் சேர்ந்து வருகிறது. எந்த அரசு ஊழியன் விடுவான்? குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறார்.

"சார், உள்ள ஐஸ் இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். ஃப்ரிட்ஜ்ல வச்சிர்றேன். செவ்வாக்கிழமை எண்ணிக்குவோம்" என்றார் மேடம்.

"பிரிக்கக் கூடாது."

"பிரிக்கல சார். ஃப்ரிட்ஜ் தட்டை எடுத்துட்டு, பெட்டியோட அப்படியே வைக்கிறேன்."

"ஃப்ரிட்ஜ் மாடியில இருக்கு. பதிவேட்டுல ஏறாத பொருள் மாடிக்குப் போகக் கூடாது."

"இது ஃபேன் இல்ல சார். நாற்காலி இல்ல. கெட்டுப் போயிரும்."

"காணாம போச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் கோபம் வந்தது. இவருக்கு என்ன தெரியும்? பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒருத்தர் அழுதார் என்று இரண்டு கையெழுத்தோடு ஒரு பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இரண்டு தெர்மாமீட்டர் குறைந்தது. வேலையே போகக்கூடிய பதினேழு பி விதியில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை, விளக்கம், மேல்முறையீடு என்று நான்கு வருடம் நாயாய் அலைந்தேன். அந்த நான்கு வருடத்தில்தான் தவமணிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நிறைய நடந்ததால் வீக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

நாலு மணிக்கு அவளைச் சென்டரிலிருந்து கூட்டி வர வேண்டும். பெட்டியை மேஜை மேல் வைத்து, ஸ்டோரைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். விதிப்படிதான் பூட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. வேப்பம்பூ ரசம் வைத்தாள், எனக்கு. அவள் மாங்காய் தொடக் கூடாது, பாயசம் கூடாது. இலை ஓரத்தில் ஒரு துளி வெல்லம் வைத்து நக்கிக்கொண்டாள்.

வெயில் நூற்றி நாலு டிகிரி என்று டிவியில் சொன்னான். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. பெட்டியைப் பற்றி நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பத்தரைக்கு அரங்கசாமி குற்றாலத்து அல்வாவோடு வந்தார். மூன்று பேரும் சேர்ந்து பெட்டியைப் பிரித்தோம். ஐஸ் பைகள் வெந்நீர்ப் பைகளாக இருந்தன. கிட் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

அரங்கசாமி போட்டார், நான் போட்டேன். மூன்றாவது கையெழுத்துக்கு மேடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். 'எண்ணிக்கை சரி. பொருள் பயனற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் அப்படி எழுத இடமே கிடையாது.

"எதுக்கும் ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"பாக்குறேன் சார். செத்துருச்சான்னு உறுதி பண்ண."

ஏப்ரல் 17, வியாழன்

செத்துவிட்டதாம். தெரிந்தே விஷம் கலந்த தண்ணீரை வைத்துச் சோதித்தாலும் ஒன்றும் காட்டவில்லையாம். கம்பெனிக்காரன் மாற்றித் தரமாட்டேன் என்கிறான். அவன் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து சேர்த்தான். பெற்றுக்கொண்ட நேரத்தோடு என் கையெழுத்து அவனிடம் இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

தடை சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. கேன் கம்பெனியின் வக்கீல் கடிதத்தோடு காலையிலேயே ஆள் வந்து உட்கார்ந்திருந்தான். 'மேற்படி பேட்ச் மீதான தடை நீங்கியது' என்று ஒரு வரிக் கடிதம், துணை இயக்குநர் கையெழுத்தில். சோதித்தோம் என்றும் இல்லை, சோதிக்கவில்லை என்றும் இல்லை. அதைப் படித்தால் சென்டர் டாக்டர் என்ன நினைப்பார்? சோதித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

அவருக்கு ஒரு போன் பண்ணலாமா என்று யோசித்தேன். கடிதத்தில் இல்லாததை நான் எப்படிச் சொல்வது? தவிர, அன்றைய நடுக்கம் மெஷினில் கலக்கிற தண்ணீரால்கூட வந்திருக்கலாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்றே சீலைப் பிரித்துவிட்டார்களாம். இன்று தவமணி படுக்கையில் ஏறாமல் கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள்.

"என்னங்க, அந்தப் பழைய கேன்தானங்க இது? உங்க ஆபீஸ்லதான பாத்தாய்ங்க?"

"ஆமா."

"பாத்துட்டாய்ங்களா? நல்லா இருக்காமா?"

நர்ஸ் என்னையே பார்த்தாள். பக்கத்துக் கட்டில் இன்பராணி பார்த்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண், வில்லாபுரத்தில் தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். அவள் புருஷனும் பார்த்தான். இல்லை, பார்க்கவில்லை, ஏனென்றால் நாங்கள் கிட்டைக் கெடுத்துவிட்டோம் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? டயாலிசிஸை விட்டுவிட்டு எங்கே போவது?

"பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல" என்றேன்.

தவமணி ஏறிப் படுத்தாள். நடுக்கம் வரவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இரண்டு பேருக்கு லேசாக நடுக்கம். டாக்டர் ஊசி போட்டார், சரியாகிவிட்டது. இன்பராணியின் புருஷன் பயந்துபோய் வேறு இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று நின்றானாம். தவமணிதான் தடுத்திருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரர் அந்த ஆபீஸ்லதான் இருக்காரு, அங்கயே பாத்துட்டாய்ங்க, பயப்படாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேங்க. எட்டுப் பேருக்கும் சொன்னேன்" என்றாள் ஆட்டோவில் வரும்போது. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு இல்லை.

மே 2, வெள்ளி

தவமணிக்கு மறுபடி நடுக்கம். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை நூற்றி இரண்டு காய்ச்சல். இன்பராணி கட்டில் காலி. புதன்கிழமையே காய்ச்சல் கண்டு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துவிட்டார்களாம். 'கேன்ல ஒண்ணும் இல்லையே, பின்ன எதனாலங்க?' என்று தவமணி என்னைக் கேட்கிறாள். கிருமி எங்கே வேண்டுமானாலும் இருக்கும் என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

மே 3, சனி

இன்பராணி இறந்துவிட்டாள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மே 5, திங்கள்

காலையில் தலைமையகத்திலிருந்து போன். எங்கோ தனியார் ஆய்வுக்கூடத்திலிருந்து புது கிட்டை விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். கொட்டேஷன் இல்லை, டெண்டர் இல்லை. பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. ஹெப்சிபா மேடம் கேட்டிலேயே நின்று பெட்டியை வாங்கி, படியில் ஓடினார். ஸ்டோர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரங்கசாமி என் மேஜைக்கு வந்து, "இப்படியும் வாங்கலாமா என்ன?" என்று கேட்டார்.

வாங்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் குழு இல்லாமலே பெறலாம், ஒப்புதல் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. கடைசியில் ஒரு வரி உண்டு: 'முழுப் பொறுப்பும் பெற்றுக்கொள்பவரையே சாரும்.' எனக்குத் தெரியாத விதியா? மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்தான். அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கும் எனக்கு அது ஞாபகம் இருந்தது. இதை முதல் தடவையாக இங்கே எழுதுகிறேன்.

நாலு மணிக்கு முடிவு வந்தது. சோதித்த ஆறு கேனில் நாலில் விஷம். பேட்ச் முழுவதையும் அழிக்க உத்தரவு. சென்டரையும் மூடிவிட்டார்கள்.

மே 6, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. 'பரிசோதிக்காமலே அனுமதிக்கப்பட்ட கேன்கள்.' நான் மறைத்து வைத்திருந்தேன். கீழ்வீட்டுக்கு வந்த பேப்பரை வாங்கிப் படித்துவிட்டாள்.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். பேப்பரை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எட்டுப் பேருக்குச் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

மே 7, புதன்

திங்களன்று சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். துணை இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கு. நீங்க யார்ட்டயும் வாயத் திறக்காதீங்க. ஓய்வு பெறப் போற நேரத்துல எதையாவது சொல்லி மாட்டிக்காதீங்க."

வேறு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பண்ணலாம் என்று தவமணியைக் கெஞ்சினேன். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கால் வீங்கிவிட்டது. வைத்த தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை.

மே 9, வெள்ளி

சென்டரை இன்று திறக்கிறார்கள். வேறு கம்பெனியின் கேன்கள் வந்திருந்தன. காலை ஏழு மணிக்கே நான் மாடிக்குப் போய்விட்டேன். ஹெப்சிபா மேடம் என்னைப் பார்த்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடத்தில் அங்கே என்ன செய்கிறார்கள் என்று இன்றுதான் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து, கவிழ்க்கிறார்கள். உள்ளே உறைந்து நின்றால் விஷம். ஒழுகினால் நல்லது. எல்லாக் குழாயும் ஒழுகியது.

"மேடம், எனக்கு ஒரு நகல் வேணும். என் வீட்டுக்காரி அந்த சென்டர்லதான் படுக்கிறா" என்றேன்.

"எப்ப இருந்து சார்?" என்றார்.

"மூணு வருஷமா."

நகல் எடுத்துக் கொடுத்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆட்டோவோடு வீட்டுக்கு வந்தேன். தவமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக டயாலிசிஸ் இல்லை, இரண்டு நாளாகப் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது. முகம் வீங்கிக் கண் சின்னதாகிவிட்டது.

"கிளம்பு தவமணி. புதுக் கேன். பாத்தாச்சு."

நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தாச்சா?"

"சத்தியமா. நான் கூடவே உக்காந்து பாத்தேன். இந்தா பேப்பர்."

அவள் பேப்பரை வாங்கவில்லை. "அன்னைக்கும்... இதே வாயிதான்..." என்றாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது.

"அன்னைக்குச் சொன்னது பொய். இன்னைக்குச் சொல்றது நெசம். என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்."

"இன்பராணி வீட்டுக்காரர்ட்ட... போய்ச் சொல்லுங்க. பாக்காமலே... பாத்தோம்னு சொன்னேன்னு. அவர்ட்டச் சொல்லிட்டு வாங்க... அப்ப நம்புறேன். அப்ப வர்றேன்."

"முதல்ல சென்டருக்குப் போயிருவோம். சாயங்காலம் கட்டாயம் போய்ச் சொல்றேன்."

"போயிட்டு வாங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வில்லாபுரம் ஆட்டோவில் கால் மணி நேரம். போக கால் மணி, வர கால் மணி, சொல்ல இரண்டு நிமிடம். பதினொரு மணிக்குள் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷனிடம் சொன்னால் அது வாக்குமூலம். திங்கட்கிழமை அவன் விசாரணை அதிகாரி முன்னால் நின்று அதை அப்படியே சொல்வான். சொல்லத்தான் செய்வான், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். அவனிடம் சொல்லாமலே திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்று இவளிடம் பொய் சொல்லலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

இப்போது மணி பதினொன்று இருபது. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். அவள் மூச்சு இந்த அறை வரைக்கும் கேட்கிறது. இதை எழுதி முடித்ததும் எழுந்து வில்லாபுரம் போய்விடுவேன்.